எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றும் குளம்

பொய் சொல்லித்தான் அந்த வேலையைப் பிடித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யாராவது துருவிக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். நான் அமிர்தசாமி, சேலத்துக் கொத்தனார். அறுபத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம், மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்து அப்புசாமிக் கவுண்டர் எனக்கு ஆள் அனுப்பினார். ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்களில் வேலை பார்த்த கொத்தனார் வேண்டுமாம். நான் ஏற்காட்டில் வேலை பார்த்தது உண்மைதான். ஒரு பங்களாவின் சமையல்கட்டுக்கு இரண்டு வருஷம் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன்.

கவுண்டர் என்னை நேராக வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார்.

"மேஸ்திரி, எஸ்டேட்டுக்காரங்க ஊட்டுக்குப் பின்னால குளம் கட்டியிருக்கறாங்களே, பாத்திருக்கறயா?"

"பாக்காம என்னங்க. நானே ரெண்டு கட்டியிருக்கறனுங்க."

இதுதான் அந்தப் பொய்.

விஷயம் இதுதான். கவுண்டர் ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றுக்குக் கடலைப் புண்ணாக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கத்தில் எஸ்டேட்காரர் தம் மகள் கல்யாணத்துக்கு இவரையும் அழைத்துவிட்டார். வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கிய பங்களா. அதன் பின்னால் ஒரு நீலக் குளம், குளத்தோரம் சிமெண்ட் தளம், தளத்தில் பிரம்பு நாற்காலி. மழையும் இல்லை, வெயிலும் இல்லை, ஆனால் பெரிய மனிதர்கள் ஆளுயரக் குடை ஒன்றின் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கவுண்டர் அதில் அப்படியே சொக்கிப்போய்விட்டார். விடைபெறும்போது, "நம்ம ஊட்டுக்கும் ஒருக்கா வரோணுங்க" என்றிருக்கிறார். எஸ்டேட்காரரும் வழியனுப்பும்போது எல்லாரிடமும் சொல்வதுபோல, "வந்தா போச்சு" என்றிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாற்பதடி நீளம், இருபதடி அகலம், நாலரை அடி ஆழத்தில் குளம்.

குளம் வரவேண்டிய இடத்தில் அதுவரை கவுண்டரின் மனைவி வசந்தாமணியின் ராஜ்யம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு எருமை, கோழிக்கூடு, எருக்குழி, துவைக்கிற கல், வெந்நீர் அடுப்பு, காய்த்துத் தொங்கும் ஒரு முருங்கை. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த அம்மாள் யாரையும் கேட்காமல் நடமாடிய இடம் அது ஒன்றுதான். கவுண்டர் கையை ஒரு வீசு வீசி, எல்லாவற்றையும் முன்பக்கம் கொண்டுபோகச் சொன்னார்.

"ஏனுங்க, எருமைய முன்னால கட்டுனா வர்ற சனம் எப்பிடி உள்ள வரும்?" என்று வசந்தாமணி கேட்டார்.

"பின்னால வரும். இனிமே பின்னால இருக்கற பொடக்காளிதான் நம்மளுக்கு மொகப்பு."

"பின்னால வாசல் இல்லீங்களே."

கவுண்டர் கொஞ்சம் யோசித்தார். "மேஸ்திரி, பின்னால ஒரு வாசல் வெச்சுரு" என்றார்.

அப்படித்தான் வீடு திரும்பி நின்றது. முன்வாசலில் சாணி, பின்வாசலில் பிரம்பு நாற்காலி. முருங்கையை வெட்டிய அன்று வசந்தாமணி சமைக்கவில்லை. கவுண்டர் அதைக் கவனிக்கவும் இல்லை; திருச்செங்கோட்டில் குடைக்குத் துணி எடுக்கப் போயிருந்தார்.

இனி வள்ளியாத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவுண்டரின் தம்பி ராசு மூன்று வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டார். அவர் சம்சாரம்தான் வள்ளியாத்தாள். பிள்ளை குட்டி இல்லை. கவுண்டர் வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிந்து இறங்கும். அந்தச் சரிவுக்குக் கீழே உள்ள அரை ஏக்கர் காடுதான் ராசுவின் பங்கு. அதை உழுதுகொண்டிருந்தது அந்த அம்மாள் ஒருத்திதான். கவுண்டருக்கு அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பொம்பளை தனியாக என்ன வெள்ளாமை செய்ய முடியும், காட்டை என்னிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சோறு தின்னட்டும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிச் சொன்னார். வள்ளியாத்தாள் ஒரு போகம் தவணை கேட்டாள். மஞ்சள் போட்டிருக்கிறேன், மாசியில் மஞ்சள் வீடு வந்து சேர்ந்தால் காடு என் கையில் இருக்கட்டும், சேராவிட்டால் மூத்தார் மாமனே வைத்துக்கொள்ளட்டும் என்றாள். பெரியவர் சின்னண்ணன் அதை ஒப்புக்கொண்டு, எல்லார் முன்னாலும் பேச்சை முடித்துவைத்தார். ஆக அந்த வருஷம் மஞ்சள் காய்ந்தால் அவள் காலமெல்லாம் மூத்தார் வீட்டு அடுக்களையில் கரண்டி பிடிக்க வேண்டியதுதான்.

இரண்டு பங்குக்கும் கிணறு ஒன்று. நாலு நாள் அண்ணன் முறை, நாலு நாள் தம்பி முறை. தண்ணீர் முறை என்பது அந்தப் பக்கத்தில் விளையாட்டுச் சமாசாரம் இல்லை. பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகள்கூட முறை தவற மாட்டார்கள். அந்த வருஷம் ஆவணி மழையும் ஏமாற்றியது, புரட்டாசி மழையும் ஏமாற்றியது. கிணற்றில் நாலு நாள் ஊறுகிற தண்ணீர் அரை ஏக்கர் மஞ்சளுக்குச் சரியாக இருந்தது. அதே நாலு நாள் தண்ணீர் என் குளத்துக்கும் சரியாக இருந்தது. குளத்துக்கு அளவு எடுக்கும்போது எனக்கு இது தெரியாது.

ஒருநாள் மத்தியானம் வள்ளியாத்தாள் எனக்கும் ஆட்களுக்கும் மோர் கொண்டுவந்தாள். குழியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"ஏனுங்க மேஸ்திரி, நின்ன தண்ணி நாறிப்போயிராதுங்களா?"

"நாறும்மா."

"நாறுனா?"

"தொறந்து உட்டுருவாங்க."

"எந்தப் பக்கமுங்க?"

நான் நிலத்தைப் பார்த்தேன். மேற்கே கொண்டுபோக வேண்டுமானால் நூறடிக்குப் பாறை உடைக்க வேண்டும். கிழக்கே சரிவு, அதன் கீழே அவள் மஞ்சள். "இந்தப் பக்கந்தான்" என்றேன். அவள் "சரிங்க" என்று சொல்லிவிட்டு மோர்ப்பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரக்கத்தில் அப்படிச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். பாறை உடைக்கச் சோம்பல். இரக்கம் பிறகுதான் வந்தது.

ஐப்பசியில் குளம் முடிந்தது. ஏற்காட்டுக் குளம் நீலம் என்று கவுண்டர் பிடிவாதம் பிடித்ததால், துணிக்குப் போடுகிற நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்து உள்ளே பூசினேன். கீழே காட்டில் ஆட்கள் குனிந்து நிமிர்வது விருந்தாளி கண்ணில் படக்கூடாது என்று கிழக்குப் பக்கம் ஐந்தடி மதில் எழுப்பச் சொன்னார். எழுப்பினேன். அடியில் வெளிபோகிற துளைக்கு ஒரு மரக்கட்டையைத் துணி சுற்றி அடித்தேன். வாய்க்கால் மதிலுக்கு அடியில் புகுந்து சரிவில் இறங்கியது.

தண்ணீர் நிரப்புகிற அன்று விடிகாலையில் கிணற்று மேட்டில் நானும் இருந்தேன். வள்ளியாத்தாள் மண்வெட்டியோடு நின்றாள். மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் மேலே, குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மாமா, இன்னைக்கு என்ற முறைங்க."

"தெரியும் புள்ள. ஒரே ஒரு முறை. என்ற காட்டுக்கு நேத்துத்தான் பாஞ்சு முடிஞ்சுது, குளத்துக்கு வேற எங்க போறது?"

"மஞ்ச எல சுருண்டு கெடக்குதுங்க."

"நாலு நாள்ல செத்தா போயிரும்?"

அவள் வாய்க்கால் ஓரமாகவே உட்கார்ந்து, தன் தண்ணீர் தனக்கு எதிர்த்திசையில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குளத்தை என் கையாலேயே இடித்துப்போடலாம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கூலிக்காரன் இடிக்க முடியாது. ஆனால் பொய் சொல்லலாமே, அதில்தான் எனக்குப் பழக்கம் இருக்கிறதே.

"ஐயா, ஒரு சங்கதி சொல்ல மறந்துட்டனுங்க" என்றேன். "எஸ்டேட்டுல எட்டு நாளைக்கு ஒருக்காத் தண்ணி மாத்துவாங்க. பழைய தண்ணி நின்னா பாத்த ஒடனே கண்டுபுடிச்சிருவாங்க, பழக்கமில்லாத ஊடுன்னு."

கவுண்டர் முகம் மாறியது. "எட்டு நாளா?"

"ரொம்பப் பெரிய எடத்துல ஆறு நாளுங்க."

"எட்டே இருக்கட்டும்" என்றார் அவசரமாக.

அன்றைக்கே வள்ளியாத்தாள் சின்னண்ணனிடம் போய் முறை தவறிய கதையைச் சொல்லிவிட்டாள். அவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, இந்த ஒரு தடவை போகட்டும், இனிக் குளம் நிரப்புவதானால் உன் முறையில் நிரப்பிக்கொள் என்று கவுண்டரிடம் சொன்னார். கவுண்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அவ தண்ணி எனக்கெதுக்குங்க? என்ற தண்ணியிலயே நூறு தரம் ரொப்புவேன்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். பெரிய மனிதர் வாக்கு. மாற்றிப் பேச முடியாது.

குளம் நிறைந்த நாள் ஊரே கூடிவிட்டது. கவுண்டர் கோவணத்தோடு வந்தார். அந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் அறுபதடிக் கிணற்றில் மேலிருந்து குதித்தே நீச்சல் படித்தவர்கள். தண்ணீரைக் கண்டால் ஓடிவந்து குதிப்பது தவிர வேறு முறை அவர்களுக்குத் தெரியாது. நான் படி கட்டியிருந்தேன். கவுண்டர் படியைப் பார்க்கவில்லை. பத்தடி பின்னால் போய், ஓடிவந்து, எம்பிக் குதித்தார். நாலரை அடித் தண்ணீர். குதிகால் தரையில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. கழுத்துவரை நீலமாக எழுந்து நின்றார். யாரும் சிரிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சிரித்தார்கள். அவரைத் தூக்கிக்கொண்டுவந்து பிரம்பு நாற்காலியில் வைத்தார்கள். காலில் கட்டோடு குடை நிழலில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தார். குளத்தோரம் உட்கார வேண்டும் என்ற ஆசை அப்படியாவது நிறைவேறியது.

அதன்பிறகு அந்தக் குளத்தில் யாரும் இறங்கவில்லை. ஆனால் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மட்டும் தவறாமல் மாறியது. கட்டையைப் பிடுங்குகிற வேலையை வசந்தாமணி தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். "கால்ல அடிபட்ட மனுசன் நீங்க எதுக்குங்க, நான் பாத்துக்கறேன்" என்றாராம். அவர் கட்டையைப் பிடுங்குவார். மதிலுக்கு அந்தப்புறம் வள்ளியாத்தாள் மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருப்பாள். தன் முறை நாலு நாள் அவளுக்கு உண்டு. அதற்கு மேல் கவுண்டரின் முறையும், கவுண்டரின் மோட்டாரில், கவுண்டரின் கரண்ட்டில் ஏறி, கவுண்டரின் கொல்லையில் எட்டு நாள் இளைப்பாறிவிட்டு, அவள் காட்டுக்கே வந்து சேர்ந்தது.

கவுண்டரின் சொந்த மஞ்சள் பக்கத்தில் மேட்டுக்காட்டில் இருந்தது. கார்த்திகையில் இலை பழுத்தது. மார்கழியில் சுருண்டது. அவர் விதையைத் திட்டினார். பிறகு கண்ணேறு என்று சொல்லி வரப்பில் பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டார். தண்ணீர் பாயவில்லை என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. மோட்டார் ஓடுகிறது, காதில் கேட்கிறது, அப்புறம் என்ன? போகிற தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பது பெரிய மனிதர்களுக்கு அழகில்லை. ஊரில் அத்தனை பேருக்கும் தெரியும், ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. மதில் வேறு நன்றாகக் கட்டியிருந்தேன்.

நான் கிறிஸ்தவன்; சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். அந்தப் பொய்யால் யாருக்காவது நஷ்டம் உண்டா என்று கேட்டார். மாசியில்தான் சொல்ல முடியும் சாமி என்றேன். அவர் மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார்.

மார்கழிக் கடைசியில் எஸ்டேட்காரர் மெய்யாகவே வந்துவிட்டார். நாமக்கல்லுக்கு ஏதோ காரியமாகப் போனவர் வழியில் எட்டிப் பார்த்தார். நீலம் வெளுத்துவிட்டது என்று அன்றைக்கு என்னையும் வரச்சொல்லியிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். கார் நேராக முன்வாசலுக்கு வந்தது. காருக்குப் பாதை அங்கேதானே இருக்கிறது? சாணியைத் தாண்டி, எருமையை ஒதுக்கி, கோழிகளுக்கு நடுவில் அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். கவுண்டர் வாயெல்லாம் பல்லாக அவரைப் பின்பக்கம் கூட்டிப்போனார். குடைக்குக் கீழே உட்காரவைத்தார். சின்னண்ணனும் ஊர்க்காரர் நாலு பேரும் மரியாதைக்கு வந்து நின்றார்கள்.

எஸ்டேட்காரர் குளத்தைப் பார்த்தார். "நல்லாயிருக்கு" என்றார். குளிக்கிறீர்களா என்று கேட்டதற்கு, சளி பிடித்திருக்கிறது என்றார். பிறகு பேசுவதற்கு ஒன்றும் இல்லை. டீ குடித்தார்கள். ஏற்காட்டிலும் இப்படித்தான் பேச்சில்லாமல் டீ குடிப்பார்கள் என்று நினைத்துக் கவுண்டர் சந்தோஷமாகவே இருந்தார்.

அன்று எட்டாம் நாள். விருந்தாளி வந்தாலும் வசந்தாமணி முறை தவறவில்லை. கட்டையைப் பிடுங்கிவிட்டு எதுவும் தெரியாதவர்போல முறுக்குத் தட்டோடு வந்து நின்றார். தண்ணீர் இரைந்துகொண்டு போகிற சத்தம் கேட்டது. எஸ்டேட்காரர் நல்ல உயரம். எழுந்து போய் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அப்புசாமி, இது யாரு காடு?"

கவுண்டர் நொண்டிக்கொண்டு போனார். நுனிக்காலில் எம்பிப் பார்த்தார். இடுப்புக்கு மேல் நின்ற மஞ்சள், கரும்பச்சை. நடுவில் வள்ளியாத்தாள். அவள் காலடியில் அவருடைய தண்ணீர். கவுண்டரின் காதுமடல் சிவந்து வருவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டு மாதமாக இந்த நிமிஷத்தைத்தான் பயந்துகொண்டிருந்தேன். இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்தால் போதும், மஞ்சள் பிழைத்துவிடும். இப்போது அவர் கத்தினால் எல்லாம் போச்சு.

"இந்த வறட்சியில இப்படி ஒரு மஞ்சளை நான் வர்ற வழியெல்லாம் பார்க்கலையே" என்றார் எஸ்டேட்காரர். "தண்ணிக்கு என்ன செய்யறாங்க?"

எல்லாரும் கவுண்டரைப் பார்த்தார்கள். எஸ்டேட்காரர் முன்னால், தன் தண்ணீர் எங்கே போகிறது என்று தனக்கே தெரியாது என்று எப்படிச் சொல்வார்?

"என்ற தம்பி காடுங்க. செத்துப்போயிட்டான். அவன் சம்சாரம் ஒத்தையில பாடுபடுது. நாந்தானுங்க என்ற முறைத் தண்ணியும் உட்டுக்கிட்டு இருக்கறேன்."

மதிலுக்குக் கீழேயிருந்து வள்ளியாத்தாள் நிமிர்ந்தாள். "ஆமாங்க" என்றாள். "எட்டு நாளைக்கு ஒருக்கா மாமா தவறாம உடறாருங்க. அவரு காடு காஞ்சாலும் காயட்டும்னு என்ற காட்டுக்கு உட்டுருக்கறாருங்க."

எஸ்டேட்காரர் கவுண்டரின் தோளில் கை வைத்தார். தையில் தம் சம்சாரத்தையும் அழைத்துவந்து இந்தக் காட்டைக் காட்டப்போவதாகச் சொன்னார். குளத்தைப் பற்றி அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னண்ணன் மட்டும் கவுண்டரையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கார் போனதும் கவுண்டர் என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, நாளைக்குக் காத்தால அந்த ஓட்டைய அடச்சுரு."

நான் வாயைத் திறக்கும் முன்னால் வசந்தாமணி தட்டைக் கீழே வைத்தார். "அடச்சுருங்க மேஸ்திரி" என்றார் நிதானமாக. "தையில அவரு சம்சாரத்தோட வாராரு. காடு காஞ்சு கெடந்தா, தண்ணி உட்டவரு எங்கன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில இவரு சொல்லிக்குவாரு."

துளை அடைபடவில்லை. வராத விருந்தாளிக்காகக் கவுண்டர் தை முடியத் தண்ணீர் விட்டார். மாசியில் மஞ்சளை வெட்டி வள்ளியாத்தாள் வீட்டில் கொண்டு சேர்த்தார்கள். பெரியவர்கள் கூடினார்கள். சின்னண்ணன், "அப்புசாமி, நீ சொல்றதுக்கு என்ன இருக்குது?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனாராம். காடு வள்ளியாத்தாள் கையிலேயே நின்றது. அதைக் கேள்விப்பட்ட அன்று நான் சேலத்தில் காரணமில்லாமல் வேலையாட்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

வைகாசியில் வள்ளியாத்தாள் வீட்டு முன்னால் களத்துக்குச் சிமெண்ட் போட என்னைக் கூப்பிட்டாள். தளம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கவுண்டர் வந்தார். கையில் காலிச் சாக்கு இருந்தது. மஞ்சள் நடுகிற பருவம். அவர் காட்டில் விதைக்கு ஒரு கிழங்கு தேறவில்லை. சுற்று வட்டாரத்திலும் யாரிடமும் இல்லை.

"விதைக்குக் கொஞ்சம் மஞ்ச வேணும், சாமி" என்றார். அவர் அவளை அப்படிக் கூப்பிட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

வள்ளியாத்தாள் உள்ளே போகவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க காட்டுக்குத் தண்ணி இருக்குதுங்களா, மாமா? தண்ணி இல்லாத காட்டுக்கு நான் விதை குடுக்க மாட்டனுங்க."

கவுண்டர் தலை குனிந்தார். நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

"இருக்குது" என்றார் கடைசியில். "குளத்துக்கு இனிமே உடறதில்ல."

அவள் சாக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.